பதினோராம் நம்பர் மலையில் மூன்று கோடுகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்தான். "சிக்னல் இல்ல" என்று சொன்னேன். சொன்ன இடம், வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பதினோராம் நம்பர் மலை. நாள், 2006 ஜூலை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. அப்போது என் போனில் சிக்னல் மூன்று கோடு காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பொய்யின் ஆயுள் ஐந்து நிமிடம்கூட இல்லை. அதனால் எவருக்கும் கேடு வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாகலெட்சுமி உயிர் பிழைத்தாரா, இல்லையா என்று கடைசிப் பக்கம்வரை உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை. பிழைத்தார். நன்றாக இருக்கிறார். போன மாதம்கூட என்னோடு போனில் பேசினார். அந்தத் தவிப்பை நாங்கள் பட்டதே போதும்.

முடிவைச் சொல்லிவிட்ட பிறகும் கதை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன்.

2

முதல் தடவை எழுதியபோது இப்படித் தொடங்கினேன்:

"பெய்ரூட் நகரின் மேல் விமானங்கள் பறந்தன. எட்டாம் மாடியின் குளியலறையில் நாகலெட்சுமி காதைப் பொத்திக்கொண்டு"

அங்கேயே நிறுத்திவிட்டேன். நான் பெய்ரூட்டைப் பார்த்ததில்லை. எட்டாம் மாடி என்பதும் நானாகப் போட்டது.

இரண்டாம் தடவை:

"மூடுபனி மலையை மெல்லத் தழுவிக்கொண்டிருந்த ஒரு பொன்மாலைப்"

வேண்டாம். பகல் இரண்டு மணி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காலில் அட்டை ஏறியிருந்தது.

மூன்றாம் தடவை வீரய்யாவிலிருந்து தொடங்கினேன். வீரய்யா நாகலெட்சுமியின் புருஷன். ஃபெக்டரியில் டிரையர் வேலை, அதாவது தேயிலைத் தூளை உலர்த்தும் அடுப்புக்காரர். மனைவியை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய தோட்டத்து ஆண் என்றதும், என் பேனா என்னைக் கேட்காமலே அவர் கையில் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டது. இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் அவர் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்துச் சுவரில் சாய்ந்து தள்ளாடும்போதுதான் உறைத்தது: நான் அறிந்த வீரய்யா குடிப்பதில்லை. ஒரு நாளும் குடித்து நான் பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை. இத்தனை கதைகளில் படித்துப் படித்து, தோட்டத்து ஆண் என்றால் அந்தப் போத்தல் தானாக வந்து கையில் உட்கார்ந்துகொள்கிறது.

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இனி நடந்தது நடந்தபடி.

3

இன்றைய வாசகருக்கு ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் போன் வேறு, கையடக்கக் கணினி வேறு. போனில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். கையடக்கக் கணினி உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. திரையில் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். அதற்கு இன்டர்நெட் வேண்டுமென்றால் போனிடம்தான் கடன் கேட்க வேண்டும். இரண்டின் நெற்றியிலும் நகத்தளவு கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளி வழியாகப் பேசிக்கொள்ளும். இடையில் ஒரு சாண் தூரத்துக்குமேல் இருக்கக்கூடாது. கை ஆடக்கூடாது. வெயில் அடித்தாலும் சரிவராது. பார்வை விலகினால் பேச்சு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

(இதை எழுதும்போது ஏதோ காதலர்களைப் பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. அந்த உவமையை நீட்டிக்கொண்டு போகும் ஆசையை இங்கேயே விட்டுவிடுகிறேன்.)

எனக்கு அந்தப் பெட்டி கிடைத்தது வேலையால். தோட்டத்துக் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிவுசெய்யும் ஒரு போஷாக்குத் திட்டம். நான் அட்டன் டவுன்காரி, அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, ஒப்பந்த வேலை. வாரம் முழுவதும் பிள்ளைகளைத் தராசில் நிறுத்து, வெள்ளிக்கிழமை அந்தத் தரவைப் பெட்டியிலிருந்து நுவரெலியா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதமே இல்லாத திட்டம் என்று எங்களுக்கு ஒரே பெருமை. ஒரு கொப்பியில்கூட எதையும் குறித்து வைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் பெட்டரி முற்றாக இறங்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் கடையில் வாங்கிய அன்றுபோல வெறுமையாக எழும்பும்.

4

பிள்ளைக் காம்பராவில்தான் நான் பிள்ளைகளை நிறுப்பேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர் பேச்சியம்மா, நாகலெட்சுமியின் அக்கா. தொங்கு தராசில் மாட்டிய, கால்சட்டை வடிவத் துணிப்பையில் போட்டவுடன் வீறிட்டு அழும் பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்கக்கூடியவர்.

பேச்சியம்மா வீரய்யாவோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது. தங்கையை லெபனானுக்கு அனுப்பும் கடதாசியில் வீரய்யா கையெழுத்து வைத்த நாளோடு பேச்சு நின்றது. அவர்களுடைய ஒன்பது வயது மகள் தனுஷிகாவுக்குத் தினமும் காலையில் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவது பேச்சியம்மாதான். தகப்பன் அதே வாசலில் நின்றாலும் அவரைச் சுவரைப்போலப் பார்த்துவிட்டுப் போவார்.

ஜூலை நடுவில் பெய்ரூட்டில் குண்டு விழத் தொடங்கியது. நாகலெட்சுமியிடமிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். ரேடியோவில் ஊர்ப் பெயர் வரும், ஆள் பெயர் வராது. பேச்சியம்மா சோறு ஊட்டும்போது கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிடும். பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.

அந்தக் கடைசி வாரம் புதன்கிழமை பெய்த மழையில் மண் சரிந்தது. ரயில் நின்றது, ரோடு அடைபட்டது, கரண்ட் போனது, டெலிபோன் கம்பிகளும் அறுந்தன. வியாழக்கிழமை அட்டனுக்குத் திரும்ப வேண்டிய நான் டிஸ்பென்சரி அறையிலேயே தங்க வேண்டியதாயிற்று. சார்ஜர் இருந்தும் சொருகக் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியில் ஒன்பது சதவீதம் இருந்தது. உள்ளே அறுபத்துமூன்று பிள்ளைகள்.

அதே மதியம் வீரய்யா பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். கையில் பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. பெய்ரூட்டில் ஒரு மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்த நம் நாட்டுப் பெண்களின் பெயர்களை இன்டர்நெட்டில் போட்டிருப்பதாகச் செய்தி. கீழே பொடி எழுத்தில் விலாசம். பக்கத்து டவுனான தலவாக்கலைக்கு நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார். அங்கும் லைன் இல்லை.

நான் அப்போது உள்ளறையில் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தையிடம் உரத்த குரலில் சொன்னது காதில் விழுந்தது:

"இந்தா பாரு, மிஸ்ஸு இப்ப அந்த டப்பாவ எடுத்துக்கிட்டுப் பதினொன்னாம் நம்பர் மலைக்குப் போவாங்க. அதுல இன்டர்நெட் வருமாம். வாசல்ல நிக்கிறவருகிட்டச் சொல்லு."

குழந்தை என்ன சொன்னதோ, வீரய்யா எனக்கு முன்னால் மலையில் ஏறி நின்றார்.

[தோட்டத்தில் மலை என்றால் ஒரு தேயிலைத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. பதினொன்றின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தாங்கி. அந்தச் சுவரோரம் மட்டும்தான் சுற்றுவட்டாரத்திலேயே சிக்னல் கிடைக்கும்.]

5

"மிஸ்... இதுல எங்க வீட்டுக்காரி பேரு இருக்கானு பாத்துச் சொல்ல ஏலுமாங்க?"

துண்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஓரத்தில் நனைந்திருந்தது.

இதற்கு முந்தைய பிரதியில் நான் இங்கே "உடனே பெட்டியைத் திறந்தேன்" என்று எழுதியிருந்தேன். அது பொய். நான் கணக்குப் போட்டேன். ஒன்பது சதவீதத்தில் ஒரு வேலைதான் நடக்கும். தரவை அனுப்பினால் பெயர் பார்க்க முடியாது. பெயர் பார்த்தால் அறுபத்துமூன்று பிள்ளைகளும் போய்விடும். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அந்தப் பெட்டியை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அதோடு, பெயர் இல்லாவிட்டால் இந்த மனிதரின் முகத்தை இந்த மலையுச்சியில் தனியாக நான்தான் பார்க்க வேண்டும். உண்மையில் அதற்குத்தான் அதிகம் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

"சிக்னல் இல்ல."

"அப்புடிங்களா."

துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை.

"அட்டன்ல லைன் வேல செய்யுதாம் மிஸ். ரயில் ரோட்டப் புடிச்சு நடந்து பாக்குறேன். ரெண்டு மூனு எடத்துல மண்ணு கெடக்காம், ஏறித் தாண்டிறலாம். மிஸ்ஸு பாத்து எறங்குங்க, வழுக்கும்."

இறங்கத் தொடங்கினார். அட்டன் அங்கிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். வழியில் சுரங்கங்கள். மழை விடவில்லை. நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலில் செருப்பில்லை. சரிவில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துத் திரும்பி, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தார். வழுக்கி விழுந்துவிட்டேனோ என்று பார்த்தாராம். இதைப் பின்னொரு நாள் சொன்னார்.

"அண்ணே! வாங்க, வாங்க! சிக்னல் வந்திருச்சு!" என்று கத்தினேன்.

6

போனை அவர் கையில் கொடுத்தேன். பெட்டியை நான் பிடித்தேன். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன்.

"இந்தக் கறுப்புக் கண்ணாடி இதப் பாக்கணும். அசையக்கூடாது."

"சரிங்க."

போன் நம்பரைச் சுழற்றியது. கீச்சென்று ஒரு சத்தம். திரையில் 'இணைக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்த நொடி அறுந்தது. வீரய்யாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாகச் சூட்டு இரும்பைத் தொட்ட கை.

"மாப்பு மிஸ்."

"பரவால்லண்ணே. சுவர்ல வைங்க."

தாங்கியின் சுவர் விளிம்பில் போனை வைத்து அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். எட்டு சதவீதம். இரண்டாம் தடவை பக்கம் வரத் தொடங்கியது, மேலிருந்து ஒவ்வொரு வரியாக. ஒரு வரி வரும், நிற்கும், மூச்சு வாங்கும், இன்னொரு வரி வரும். ஆங்கில எழுத்தில் பெயர், பக்கத்தில் பாஸ்போர்ட் நம்பர். நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள். முழுவதும் வந்துசேர்வதற்குள் ஆறு சதவீதம்.

தேடும் பெட்டியில் 'நாக' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இல்லை. 'லெட்சுமி' என்று எழுதினேன். நான்கு விதமாக எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். லெட்சுமிகள் பலர் இருந்தார்கள், இவர் இல்லை. 'வீரய்யா'. இல்லை.

"இல்லீங்களா?"

பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன். நான்கு சதவீதம்.

"மிஸ், நம்பரப் போட்டுப் பாக்க ஏலாதா?"

"என்ன நம்பர்?"

வீரய்யா நிமிர்ந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளைபோல, ஓர் எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் தடங்கலில்லாமல் சொன்னார். நாகலெட்சுமியின் பாஸ்போர்ட் நம்பர்.

[அதை இங்கே எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அது அவர்களுடைய நம்பர்.]

"எப்புடிண்ணே ஞாபகம்?"

"டிரையர் கதவுல கரித்துண்டால எழுதி வச்சிருக்கேன் மிஸ். அழிய அழிய எழுதுவேன். என்னாவது ஒன்னுன்னா, ஆள அடையாளம் சொல்ல அது ஒன்னுதான நம்மகிட்ட இருக்கு."

என் போத்தல்காரப் பாத்திரத்துக்கு இப்படி ஒரு வசனம் எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

எழுதினேன். என் குச்சி இரண்டு தடவை தவறான இலக்கத்தைத் தொட்டது. அழித்து எழுதினேன். திரை துள்ளி, இருநூற்றுப் பதினேழாம் வரியில் போய் நின்றது. பெயரை 'நெகல்சுமி விராயா' என்று யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். நம்பரில் ஓர் இலக்கமும் பிசகவில்லை. அதற்கு நேரே ஒரு சொல்: நலம்.

"இருக்காங்கண்ணே. நல்லா இருக்காங்க."

அவர் போனின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அசையக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. அசையாமல் அப்படியே நின்று அழுதார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: "கைய எடுங்கண்ணே, இனிப் பரவால்ல."

பெட்டி ஒரு தடவை கீச்சிட்டு அணைந்தது. அறுபத்துமூன்று பிள்ளைகளும் அதோடு போனார்கள்.

7

இந்த இடத்தில் மேலிருந்து நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீரய்யா ஓட்டமும் சறுக்கலுமாக இறங்கிப் பிள்ளைக் காம்பரா வாசலில் போய் நின்றார். பேச்சியம்மா வெளியே வந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அதற்காக ஒன்றரைப் பக்க உரையாடல் எழுதினேன், உருக்கமாகவே வந்தது, வெட்டிவிட்டேன். பார்த்தது இவ்வளவுதான்: பேச்சியம்மா அவருடைய தோளில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தார். பிறகு வாசலுக்கு முன்னால் போகும் வடிகால் கான் ஓரத்தில், ஓடும் தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்துவிட்டார். வீரய்யாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் போனில் அலுவலகத்தை அழைத்தேன். எங்கள் மேலாளர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் கறாரானவர்.

"என்ன பிள்ளை, இந்தக் கிழமைத் தரவு ஒண்டும் வரேல்லை?"

எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீறியதையும் சேர்த்து.

"ஆள் கிடைச்சாச்சோ?"

"கெடச்சிட்டாங்க சேர்."

"அப்ப நல்லது. அறுபத்துமூண்டையும் திரும்ப நிறுத்துப்போட்டுத் திங்கட்கிழமை அனுப்பும். இனிமேல் ஒரு கொப்பியிலையும் எழுதி வையும்."

தாங்கிச் சுவரிலேயே உட்கார்ந்து, அதுவரை பார்க்காமல் விட்ட அட்டையைக் காலிலிருந்து பிய்த்துப் போட்டேன்.

சனிக்கிழமை கரண்ட் வந்தது. பேச்சியம்மா லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளை மறுபடி சேர்த்தார். தராசைத் தூக்கிக் கட்டியவர் வீரய்யா. அறுபத்துமூன்று பேரும் இரண்டாம் தடவையும் புதிதாகவே வீறிட்டார்கள். நடுவில் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணே, நேத்து நான் சிக்னல் இல்லனு சொன்னேன்ல. இருந்திச்சு."

தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல காச்சல்னு சொல்லிட்டுத்தான் மிஸ் மலைக்கு வந்தேன். விடுங்க. இந்தப் புள்ள எட்டரைக் கிலோ, எழுதிக்குங்க."

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ஆகஸ்டில் நாகலெட்சுமி வந்திறங்குகிறார். வீரய்யாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணீர் விட

(இதை முடிக்க என்னால் முடியவில்லை. நல்ல முடிவுதான். ஆனால் இரண்டு வருடத்தை ஒரு கண்ணீரில் கழுவிவிடுவதுபோல இருக்கிறது.)

(ஆ) நாகலெட்சுமி வீரய்யாவைக் கேட்கிறார்: "ஏன் கையெழுத்து வச்சீங்க?" வீரய்யா சொல்கிறார்: "நீதானே கேட்ட."

(இதற்குப் பிறகு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். எல்லாம் என் கற்பனையாக இருக்கும்.)

(இ) அவர் மறுபடி வெளிநாடு போகிறார். அல்லது போகவில்லை.

மூன்றும் சரிவராமல்தான் போன மாதம் நாகலெட்சுமிக்குப் போன் எடுத்தேன். இப்படி ஒரு கதை எழுதுகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். எட்டாம் மாடி என்றதும் சிரித்தார். "ரெண்டாம் மாடி மிஸ். ஒளிஞ்சதும் பாத்ரூம் இல்ல, சமையக்கட்டு மேசைக்கு அடியில." கரித்துண்டு நம்பர் வரும் இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாது மிஸ்," என்றார். "அவரு சொல்லவே இல்ல."

பிறகு முடிவைப் பற்றிக் கேட்டேன். மூன்றில் எது என்று.

"நான் பஸ்ஸ விட்டு எறங்குனது வரைக்கும் எழுதிக்குங்க. அங்க நீங்களும் நின்னீங்கள்ல. அதுக்கு அங்கிட்டு வேணாம் மிஸ். அது எங்க வீட்டு வெசயம்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னவுடன் மனசு எவ்வளவு லேசானது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று முடிவையும் சுமந்துகொண்டு எவ்வளவு காலம் அலைந்திருக்கிறேன்!

9

ஆகவே, அவர் அனுமதித்த அளவு:

ஆகஸ்ட் மாதம், பிற்பகல். ரோடு திருத்தியாகிவிட்டது. நான் அட்டன் பஸ்ஸுக்காக வட்டகொடைச் சந்தியில் நிற்கிறேன். வீரய்யா, பேச்சியம்மா, தனுஷிகா மூவரும் காலையிலிருந்தே அங்கே நிற்கிறார்கள். தனுஷிகாவுக்குத் தலை புதிதாக வாரிவிடப்பட்டிருக்கிறது. வீரய்யா சப்பாத்துப் போட்டிருக்கிறார்; யாருடையதோ, பெரிய அளவு.

நுவரெலியாவிலிருந்து பஸ் வருகிறது. விமான நிலையத்திலிருந்து கண்டி வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்போல. கதவு திறக்கிறது. முதலில் ஒரு பிளாஸ்டிக் பை இறங்குகிறது. பிறகு நாகலெட்சுமி. நான் படத்தில்கூடப் பார்த்திராத முகம். ஆனாலும் பேச்சியம்மாவின் அதே மூக்கு. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். பின்னால் இறங்க நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

அவர் இறங்கிய அதே பஸ்ஸில்தான் நான் ஏற வேண்டும். ஏறினேன். சீட்டு இல்லை. பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நகர்ந்தது.

பின் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன். வளைவு திரும்பும்வரை பார்த்தேன். கண்டதை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை, நீங்கள் சந்தியிலேயே நின்றுகொள்ளலாம்.

என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "எங்க போறீங்க?" என்று கண்டக்டர் மூன்று தடவை கேட்ட பிறகுதான் எனக்கு அட்டன் என்று சொல்ல வாய் வந்தது.